மலிவு டயரா, உயர்விலை டயரா? ஒப்பீடுகள் சொல்லாமல் விடுவது

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை. தாம்பரத்திலிருந்து வண்டலூர் நோக்கி ஜி.எஸ்.டி. சாலையில் இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே வகைக் கார்கள், ஒரே எடை, வேகமும் ஒன்றே, மணிக்கு 80 கி.மீ. இரும்புலியூரைத் தாண்டியதும் முன்னால் சென்ற பேருந்து சட்டென்று நின்றுவிடுகிறது. ஓட்டுநர்கள் இருவரும் ஒரே நொடியில் பிரேக்கை அழுத்துகிறார்கள். ஒரு காரின் டயருக்கும் ஈரச் சாலைக்கும் இடையே உராய்வுக் கெழு 0.8. மற்றொன்றுக்கு 0.6. என்ன நடக்கும்?

பள்ளியில் படித்த சமன்பாடே விடை சொல்லும். நிற்கும் தூரத்தைக் காண, வேகத்தின் வர்க்கத்தை உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம் இவற்றின் பெருக்குத்தொகையைப் போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். மணிக்கு 80 கி.மீ. என்பது நொடிக்கு 22.2 மீட்டர். முதல் கார் 31.5 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவது கார் நிற்க 42 மீட்டர் வேண்டும். பத்து மீட்டர்தானே வித்தியாசம் என்று எண்ணிவிடாதீர்கள். முதல் கார் நின்ற இடத்தை அடையும்போது இரண்டாவது கார் தன் இயக்க ஆற்றலில் முக்கால் பங்கைத்தான் இழந்திருக்கும். மீதி கால் பங்கு. ஆற்றல் கால் பங்கு என்றால் வேகம் பாதி. அதாவது, ஒரு கார் அசையாமல் நிற்கும் இடத்தில் மற்றது மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்!

டயர் ஒப்பீட்டில் நாம் தேட வேண்டிய முதல் செய்தி இதுதான். ஆனால் விரைவுக் கார்களுக்கான டயர்களை ஒப்பிட்டு எழுதப்படும் கட்டுரைகள் பலவற்றில் இது பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடுகிறது. 'வளைவில் எவ்வளவு வேகமாகத் திரும்பியது', 'ஓட்டுவதற்கு எவ்வளவு சுகமாக இருந்தது' என்பவைதாம் பெரிய எழுத்தில் வருகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பட்ட பந்தயப் பாதையில் ஓடப்போகிறவருக்கு அந்தத் தகவல் பயன்படலாம். முடிச்சூரிலிருந்தோ மேடவாக்கத்திலிருந்தோ அன்றாடம் அலுவலகம் போய்வருகிறவருக்கு அதனால் ஆவது என்ன?

முதலில் டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பழகுவோம். விரைவு ரகச் செடான் கார்கள் சிலவற்றில் 205/55 R16 91V என்று இருக்கும். 205 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில். 55 என்றால் பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவிகிதம், அதாவது சுமார் 113 மி.மீ. R என்பது உள்ளிழைகள் ஆர வாக்கில் அமைந்த ரேடியல் டயர் என்பதற்கு அடையாளம். 16 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும். V என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை ஓடத் தகுதி பெற்றது. W என்றால் 270, Y என்றால் 300.

இங்கேதான் வாங்குகிறவர் ஏமாறுகிறார். எழுத்து உயர உயர விலையும் உயரும். ஆனால் ஜி.எஸ்.டி. சாலையில் 300 கி.மீ. வேகத்துக்கு என்ன வேலை? கார் உற்பத்தியாளர் குறித்த எழுத்துக்குக் கீழே போகக் கூடாது. அதற்கு மேலே போவதற்காக மட்டும் பணம் கொடுக்க வேண்டியதும் இல்லை. வேக எழுத்து டயரின் வெப்பம் தாங்கும் வலிமையைச் சொல்கிறது. மழையில் அது எப்படிப் பிடிக்கும் என்பதைச் சொல்வதில்லை.

அப்படியானால் உயர்விலை டயரில் விஷயமே இல்லையா? உண்டு. அது ரப்பர்க் கலவையில் இருக்கிறது. ரப்பர் அழுத்தப்பட்டு மீளும்போதெல்லாம் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. டயர் உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை நசுங்கி மீள்கிறது. இது மெதுவான அதிர்வு. இதில் ஆற்றல் வீணானால் பெட்ரோல் செலவு கூடும். ஆனால் பிரேக் போடும்போது சாலையின் மணல் மணலான மேடுபள்ளங்கள் ரப்பரை நொடிக்குப் பல்லாயிரம் முறை உலுக்குகின்றன. அப்போது ஆற்றல் நிறைய வீணாக வேண்டும். அந்த இழப்புத்தான் பிடிமானம். ஒரே ரப்பர் மெதுவான அதிர்வில் சிக்கனமாகவும் வேகமான அதிர்வில் ஊதாரியாகவும் இருக்க வேண்டுமென்றால் எப்படி?

நெடுங்காலம் டயருக்குக் கரித்தூள் சேர்த்து வந்தார்கள். டயர் கறுப்பாக இருப்பதற்குக் காரணமும் அதுவே. 1990-களின் தொடக்கத்தில் பிரான்சின் மிஷெலின் நிறுவனம் கரித்தூளின் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைச் சேர்த்த கார் டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மணலில் உள்ள அதே சிலிக்காதான். அதை ரப்பரோடு ஒட்டவைக்க சிலேன் என்ற இணைப்பு வேதிப்பொருள் தேவை. கலப்பதும் கடினம், செலவும் கூடுதல். ஆனால் பிடிமானத்தை விட்டுக்கொடுக்காமல் உருளல் தடையைக் குறைக்கும் வழி இதனால் கிடைத்தது. நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலையில் நியாயமான பகுதி இதற்குத்தான். எஞ்சியது விளம்பரத்துக்கும் பெயருக்கும்.

இனி ஒரு கணக்கு. ஒரு மலிவு டயர் 6,000 ரூபாய், உயர்விலை டயர் 10,000 ரூபாய் என்று கொள்வோம். இரண்டும் 40,000 கி.மீ. உழைத்தால் நான்கு டயர்களுக்குமாகக் கிலோமீட்டருக்கு 60 காசு, ஒரு ரூபாய் என்று வருகிறது. வித்தியாசம் 40 காசு. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் காரில், லிட்டர் 100 ரூபாய் என்றால், பெட்ரோல் செலவு கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 67 காசு. உருளல் தடை 10 சதவிகிதம் குறைந்தால் எரிபொருளில் 1 முதல் 2 சதவிகிதம் மிச்சமாகும். 20 சதவிகிதம் குறைந்ததாகவே வைத்துக்கொண்டாலும் 13 முதல் 27 காசு வரைதான் திரும்பி வரும். மேலும், விரைவு ரக டயர்களில் பல மென்மையான ரப்பரால் ஆனவை, சீக்கிரம் தேயும். அது 30,000 கி.மீ.தான் உழைத்தால் செலவு ஒரு ரூபாய் 33 காசாகிவிடும். ஆகவே, 'விலை உயர்ந்த டயர் தன் விலையைத் தானே திருப்பித் தந்துவிடும்' என்ற பேச்சை நம்ப வேண்டாம். அந்தக் கூடுதல் பணம் முதலில் சொன்ன அந்தப் பத்து மீட்டருக்கான விலை. அதைத் தரலாமா என்று அந்த வெளிச்சத்தில் முடிவு செய்யுங்கள்.

ஒப்பீடுகளின் மற்றொரு குறை, புத்தம் புதிய டயர்களை மட்டுமே சோதிப்பது. புதிய கார் டயரின் பள்ளங்கள் சுமார் 8 மி.மீ. ஆழம் இருக்கும். பட்டன் தேய்ந்து 1.6 மி.மீ. ஆனதும் கழற்றிவிட வேண்டும் என்பது விதி; பள்ளத்துக்குள் சிறு மேடாக அதற்கான அடையாளமும் உண்டு. சாலையில் 3 மி.மீ. ஆழத்துக்கு நீர் நிற்கிறது, டயர் 18 செ.மீ. அகலத்துக்குப் படிகிறது என்று கொண்டால், 80 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு முன் டயரும் நொடிக்கு 12 லிட்டர் நீரை, ஏறக்குறைய ஒரு குடம் தண்ணீரை, ஒதுக்கித் தள்ளியாக வேண்டும். பள்ளம் இல்லாவிட்டால் அந்த நீர் எங்கே போகும்? டயர் நீரின் மேல் ஏறி மிதக்கும். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் பயனற்றுப்போகும். மொட்டையான உயர்விலை டயரைவிடப் புதிய மலிவு டயர் மழையில் மேலானதாக இருக்கக்கூடும்.

இந்த மிதத்தலைப் பற்றி 1960-களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் வால்டர் ஹார்ன் முதலியோர் விமானச் சக்கரங்களைக் கொண்டு ஆராய்ந்தனர். அவர்களுடைய சூத்திரப்படி, ஆழ்ந்த நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 32 பவுண்டு காற்று இருந்தால் சுமார் 94 கி.மீ.; 24 பவுண்டானால் சுமார் 82 கி.மீ. கார் டயரின் வடிவம் வேறு என்பதால் இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் போக்கு தெளிவு: எந்த விலை டயரானாலும் காற்று குறைந்தால் ஆபத்து முன்னதாகவே வரும்.

நாம் வாழும் பகுதிக்கும் டயருக்கும் உறவு நெடியது. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய சிறு தொழில்தான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. இன்று ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பெரிய டயர் ஆலைகள் இருக்கின்றன. ஆனாலும் தாம்பரத்துக் கடையில் டயர் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் தகவல் பெயரும் விலையும்தான். ஐரோப்பாவில் ஈரப் பிடிமானத்தை எழுத்துத் தரமாக அச்சிட்டுக் காட்டுவது 2012 முதல் கட்டாயம். இந்தியாவில் 2022-இல் வந்த விதித் திருத்தம் உருளல் தடை, ஈரப் பிடிமானம், ஓசை மூன்றுக்கும் குறைந்தபட்ச வரம்பு விதித்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் தேர்ச்சி பெற்றவர் 35 மதிப்பெண்ணா, 95 மதிப்பெண்ணா என்பது பெற்றோருக்குத் தெரிய வேண்டாமா?

அந்த மதிப்பெண் கைக்கு வரும்வரை நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. உற்பத்தியாளரிடம் ஈரப் பிடிமானத் தரத்தைக் கேளுங்கள். பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பழைய சரக்கைத் தள்ளுபடிக்காக வாங்காதீர்கள். ரப்பர் கடையில் சும்மா இருந்தாலும் முதுமை அடையும். இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியதைப் பின்னால் போடுங்கள்; மழையில் பின்பக்கம் வழுக்கினால் காரைத் திருத்துவது மிகக் கடினம். காற்றைக் கார் ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள்.

ஒன்றரை டன் எடையுள்ள காரைச் சாலையோடு பிணைத்திருப்பது உள்ளங்கை அளவான நான்கு ரப்பர்த் துண்டுகள். அவற்றின் விலையைப் பேசுமுன், நனைந்த சாலையில் அவை என்ன செய்யும் என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்லாத எந்த ஒப்பீடும் அரை ஒப்பீடுதான்.