நெஷோபாவின் பிரசங்கியார்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள நெஷோபா மாவட்டத்தின் தலைமையூருக்குப் பிலதெல்பியா என்று பெயர். வெளிப்படுத்தின விசேஷத்தைப் பயின்றோர்க்கு அப்பெயரின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. அவ்வூரின் பழைய கொலை வழக்கொன்றைப் பற்றி மிக்கி டிக்காஃப், டோனி பகானோ ஆகிய இருவரும் பெரிய படநிறுவனங்களைச் சாராது ஆக்கிய ஆவணப்படமே ‘நெஷோபா: விடுதலையின் விலை’. 2008இல் உருவாகி, 2010இல் திரையரங்குகளுக்கு வந்த இப்படத்தை இறையியல் மாணவர் காண வேண்டும் என்பது நம் கருத்து.

நிகழ்ச்சிகளைச் சுருங்கக் கூறுவோம். லாங்டேல் என்னுமிடத்திலிருந்த கறுப்பின மக்களின் சீயோன் மலை மெதடிஸ்டு ஆலயம், வாக்குரிமைப் பணியாளர் நடத்தவிருந்த விடுதலைப் பள்ளிக்கு இடந்தர இசைந்தது. 1964 ஜூன் 16ஆம் நாள் இரவு, கூட்டம் முடித்து வெளிவந்த சபையாரைக் கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் அடித்து நொறுக்கினர், ஆலயம் தீக்கிரையாயிற்று. அதனை விசாரித்தறியச் சென்ற ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வேர்னர் ஆகிய மூவரும் ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை, சிறையிலடைக்கப்பட்டு, இரவில் விடுவிக்கப்பட்டு, வழிமறித்துச் சுட்டுக் கொல்லப்பட்டனர். மூவரில் மூத்தவருக்கு வயது 24. சேனி கறுப்பினத்தவர், மற்ற இருவரும் நியூயார்க்கிலிருந்து வந்த யூதர். 44 நாட்களுக்குப் பின் மண்ணணை ஒன்றின் அடியிலிருந்து உடல்கள் எடுக்கப்பட்டன.

இக்கொலைக்கு ஆள் திரட்டியவர் எட்கர் ரே கில்லன். மரம் அறுக்கும் ஆலை நடத்தியவர், பாப்திஸ்து பிரசங்கியார். இப்படத்தின் பெரும்பேறு இம்மனிதரையே ஒளிப்படக் கருவியின் முன் அமர்த்திப் பேச விட்டதாகும். இயக்குநர்கள் அவரோடு வாதிடவில்லை. அவர் பேசுகிறார், தமக்குப் பங்கில்லை என்கிறார், இறந்தோர் மீது இரக்கம் காட்டுவதில்லை. வெறி கொண்ட அரக்கனைக் காண எதிர்பார்த்தவர் ஏமாறுவர். எத்தனையோ கல்லறைகளின் அருகே நின்று ஜெபித்திருக்கக்கூடிய, ஊரார் மதித்த ஒரு முதியவரையே காண்கிறோம். அச்சம் அங்கேதான் பிறக்கிறது.

1967இல் நடந்த வழக்கை நம் வாசகர் கூர்ந்து நோக்க வேண்டும். கொலைக்குற்றம் சாட்ட மாநில அரசு முன்வராமையால், குடிமை உரிமையைப் பறிக்கச் சதி செய்ததாக மத்திய அரசே வழக்குத் தொடுத்தது. எழுவர் தண்டனை பெற்றனர். கில்லனைக் குற்றவாளியெனப் பதினொரு நடுவர் கூறினர். பன்னிரண்டாமவரோ, ஒரு பிரசங்கியாரைக் குற்றவாளியெனத் தீர்க்கத் தம்மால் இயலாது என்று நின்றுவிட்டார். அந்த ஒரு வாக்கினால் அவர் வீடு திரும்பினார். ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அவ்வூரிலேயே நடமாடினார். ஊழியத்துக்குரிய மரியாதை ஊழியனின் குற்றத்துக்குத் திரையாயிற்று. அங்கி அணியும் நாம் இதை எளிதாகக் கடந்து செல்ல முடியுமா?

நம் குறை இங்கேதான். படம் அவரைப் பிரசங்கியார் என்று அழைக்கிறது. அவ்வழைப்பின் பொருளை ஆழ்ந்து தோண்டவில்லை. அவர் நின்ற பிரசங்க பீடங்களையும், எதிரே அமர்ந்து ஆமென் சொல்லிய சபையாரையும் பற்றி இன்னும் அறிய விரும்புகிறோம். எரிக்கப்பட்டதும் ஓர் ஆலயம், எரித்தவரை ஏவியதும் வேதத்தைக் கையிலேந்திய ஒருவர் எனும்போது, இது நீதிமன்றத்தோடு முடியும் செய்தியன்று. இயக்குநர்கள் இறையியலாளர் அல்லர் என்று விடை கூறலாம். அவ்வாறாயின் அப்பணி நம்முடையதாகிறது.

ஆயினும், மத்திய அரசின் துப்பறிவாளரை வீரராக்கிக் கறுப்பின மக்களைப் பின்புலமாக நிறுத்திய ‘மிசிசிப்பி பர்னிங்’ என்னும் 1988ஆம் ஆண்டுக் கதைப்படத்தோடு ஒப்பிட்டால் இதன் நேர்மை விளங்கும். இறந்தோரின் உறவினர் பேசுகின்றனர். பழம் புண்ணைக் கிளற வேண்டாம் என்னும் ஊராரும் பேசுகின்றனர். நீதி கோரி 2004இல் கறுப்பினத்தார், வெள்ளையர், சாக்டா பழங்குடியினர் இணைந்து அமைத்த பிலதெல்பியா கூட்டமைப்பினரும் பேசுகின்றனர். கொலை நடந்து சரியாக 41 ஆண்டுகளான 2005 ஜூன் 21இல் கில்லன் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். கொலையென்று அன்று, அதனினும் குறைந்த ஆட்கொலைக் குற்றமென்று. அறுபதாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இங்குப் படம் நிறைவு பாடியிருக்கலாம், பாடவில்லை. சேனியின் தம்பி பென் சேனி, ஒரு முதியவரைச் சிறைக்கனுப்பிவிட்டு ஊர் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்வதை ஏற்க மறுக்கிறார். சம்பந்தப்பட்ட வேறு சிலர் அப்போது உயிரோடிருந்தனர் என்பதை நினைத்தால் அவர் மறுப்பு கசப்பென்று தள்ளத்தக்கதன்று. ஒப்புரவாக்குதலின் ஊழியம் எனப் பவுல் கூறுவதை நாம் பெரும்பாலும் அவசரமாகக் கைகுலுக்கும் காரியமாக்கிவிடுகிறோம். ஒப்புரவுக்கு நாள் குறிக்கும் உரிமை யாருடையது? இழந்தவரிடம் அதைக் கேட்கும் பொறுமை படத்துக்கு இருக்கிறது.

மிசிசிப்பி அரசு 2016இல் இவ்வழக்கை முடித்து வைத்தது. கில்லன் 2018 ஜனவரியில், 92ஆம் வயதில், சிறைக்கைதியாகவே இறந்தார். மாணவரோடு இப்படத்தைக் காணும் ஆசிரியர் உரையாடலை அவரிலிருந்து தொடங்குவதைவிட, 1967இன் அந்தப் பன்னிரண்டாம் நடுவரிலிருந்து தொடங்குவது நன்று.