கல் சொல்வதும் சொல்லாததும்

சிங்கப்பூர்க் கல் என வழங்கும் மணற்கற்பாறை, நம் ஆற்றின் முகத்துவாரத்தில் ஏறத்தாழ 50 வரி எழுத்துகளுடன் நின்றது. 1843இல் அதனை வெடி வைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டொன்று தேசிய அரும்பொருளகத்தின் உடைமையாக உள்ளது. 2019இல் இந்திய மரபுடைமை நிலையமும் கொள்கை ஆய்வுக் கழகமும் வெளியிட்ட 'சோஜர்னர்ஸ் டு செட்லர்ஸ்' என்னும் ஆங்கிலத் தொகுப்பில், அறிஞர் இயன் சின்கிளேர் அத்துண்டில் 'கேசரிவ' என்னும் எழுத்துகளைக் கண்டு, அவை பரகேசரிவர்மன் என்னும் சோழர் பட்டத்தின் பகுதியாகலாம் எனக் கருதுகிறார்.

நமக்கு உவப்பான கருத்தே. எனினும் அது சில எழுத்துகளை மட்டும் பற்றி நிற்பது. ஆதலின், கல்லையே கருவியில் வைத்து வயதைக் கேட்டுவிடலாமே என்னும் ஆசை வாசகர்க்கு எழுதல் இயல்பு. அவ்வாசை நிறைவேறுமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

எலெக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு என்பது 1944இல் கசான் நகரில் சவோய்ஸ்கி கண்ட முறை. மணற்கல்லில் பெரும்பகுதி குவார்ட்ஸ் மணிகளே. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் இயற்கைக் கதிர்வீச்சால் இடம்பெயர்ந்த எலெக்ட்ரான்கள், படிகத்தின் குறைகளில் சிக்கி இணையின்றி நிற்கும். காந்தப்புலத்தில் வைத்து நுண்ணலையைச் செலுத்தினால் அவை தம்மை வெளிப்படுத்தும். கல்லைச் சில நூறு பாகைச் செல்சியஸ் வரை சூடேற்றினால், அலுமினியம், டைட்டானியம் சார்ந்த குறிகள் மறையும்; வேறொரு குறியோ ஏறத்தாழ 300 பாகை வரை வளர்ந்து, பின் தேயும். இம்மாற்றங்களைக் கொண்டு பண்டைச் சூட்டை அறியலாம். 1978இல் ராபின்ஸ் முதலியோர், சிக்கிமுக்கிக் கற்கருவிகள் நெருப்பில் பதப்படுத்தப்பட்டமையை இவ்வழியே 'நேச்சர்' இதழில் காட்டினர்.

நன்கு சூடேறிய கல்லில் பழைய குறிகள் அழிந்து, கணக்கு மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். அதனாலேயே எரிந்த கல்லின் வயதைக் கணிக்க இயலுகிறது. உளியோ நெருப்பன்று. எழுத்து வெட்டியவன் கல்லின் கணக்கை அழிக்கவில்லை. சிங்கப்பூர்க் கல்லைக் கேட்டால் அது பாறையின் நெடும்பழமையைச் சொல்லுமேயன்றி, எழுத்தின் நூற்றாண்டைச் சொல்லாது. 1843இன் வெடிச்சூடு துண்டின் ஒரு புறத்தில் பட்டிருப்பின், அதுவே தடயமாக மிஞ்சியிருக்கவும் கூடும். சோதனைக்கு வழக்கமாகக் கல்லில் சிறிது பொடி வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. எஞ்சியிருப்பதோ மிகச் சிறிது.

இம்முறைக்கு உரிய வினா வேறிடத்தில் உள்ளது. ஈரோடு மாவட்டத்து நொய்யற்கரைக் கொடுமணலில் சூதுபவள மணிகள் செய்யப்பட்டன. சூதுபவளமும் குவார்ட்ஸ் இனமே. அதிலுள்ள இரும்புச் சேர்மம் சூட்டினால் மாறிச் சிவப்பு மிகும். ஆயின், இயற்கையிலேயே சிவந்த கற்களும் உண்டு. ஆகவே நிறத்தை மட்டும் கண்டு, கைவினைஞன் உலையில் இட்டான் எனத் தீர்மானித்தல் தவறு. அதே வகைக் கல்லின் சூடேறாத துண்டையும் உடன்வைத்து ஒப்பிட்டால், இம்முறை அங்கே உண்மையான துணையாகும். காலம் செல்லச் செல்லக் கதிர்வீச்சால் குறிகள் மீண்டும் வளர்வதால், ஒப்பீடின்றி முடிவு கூறல் பொருந்தாது.

சின்கிளேரின் கருத்து எழுத்தாராய்ச்சியாலேயே நிலைக்கவோ வீழவோ வேண்டும். காலம் தெரிந்த கல்வெட்டுகளோடு எழுத்து வடிவங்களை ஒப்புநோக்குதலே அதற்கு வழி. அது நிறுவப்பட்டாலும், சோழப் பட்டம் ஒன்று இங்கே வெட்டப்பட்டமை வேறு. தமிழர் இங்கே குடியிருந்தமை வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, விஞ்ஞானம் நிறுவிற்று என முழங்குவோமாயின், நாளை அம்முழக்கம் பொய்க்கும்போது நம் வரலாற்றின் மெய்யான பகுதிகளையும் பிறர் ஐயுறுவர். கருவியிடம் அது அறிந்ததைக் கேட்போம். எழுத்தறிந்தாரிடம் எழுத்தைக் கேட்போம்.