எயிற்பட்டினமும் இன்றைய எழுத்தும்

ஓர் ஊரை அழகென்று எழுதுவது எளிது. அவ்வழகுக்கு விலை பேசுவோர் பின்னால் வருவர் என்பதை எழுதுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. கிழக்குக் கடற்கரை பற்றி வெளிவரும் பயணக் கட்டுரைகளைப் படிக்குந்தோறும் இக்குறையே நமக்குத் தென்படுகிறது. நீலக்கடல், சவுக்குத் தோப்பு, மரக்காணத்தின் வெள்ளை உப்புக் குவியல் யாவும் அவற்றில் உண்டு. உப்பு வாரும் மனிதர் இல்லை.

கலைஞரால் பெயர்பெற்ற இடங்கள் கலைஞருக்கே எட்டாமற் போவது உலகறிந்த செய்தி. உழைப்பாளர் வாழ்ந்த இலண்டன் தெருக்களில் வசதி படைத்தோர் குடியேற, முன்பிருந்தோர் வெளியேற நேர்ந்தது. இதனைக் கண்ட சமூகவியலறிஞர் ரூத் கிளாஸ் 1964-ஆம் ஆண்டில் 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று அதற்குப் பெயரிட்டார். நியூயார்க்கின் சோஹோ பகுதியில் வெறுமையாய்க் கிடந்த தொழிற்கூடங்களில் ஓவியர்கள் குடிபுகுந்தனர். அவர்களால் புகழ் வந்தது. புகழைத் தொடர்ந்து வாடகை ஏறியது.

நம் கடற்கரையிலும் ஒரு சான்று உண்டு. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர்தம் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை அமைத்தனர். பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்று நிலம் வாங்கினர். அன்று அது நகருக்கு அப்பாற்பட்ட மணல்வெளி. பின்னர் கிழக்குக் கடற்கரைச் சாலை விரிந்தது. 2011-இல் ஈஞ்சம்பாக்கம் சென்னை மாநகராட்சியில் இணைந்தது. சுற்றிலும் மனைவிலை ஏறியபோதும் அக்கிராமம் நிலைத்து நிற்கிறது. நிலம் அவர்களுடையதாய் இருந்ததே அதற்குத் தலையாய காரணம் எனக் கருதுகிறோம்.

அதே சாலையில் தெற்கே சென்றால் மரக்காணம். இங்கு உப்பளத்தில் பாதம் வெடிக்க நிற்போருள் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர். பாத்தி அவர்களுக்குச் சொந்தமன்று. மழை தொடங்கினால் கூலியும் நின்றுவிடும். சோழமண்டலத்தார்க்கு வாய்த்த காப்பு இவர்களுக்கு இல்லை.

சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் எயிற்பட்டினத்தைப் பாடுகிறார். அது இம்மரக்காணமே என்பர் ஆய்வாளர் சிலர். கடலும் தாழையும் அப்பாட்டில் உண்டு. ஆயினும் நம் நெஞ்சில் நிற்பவர், வழிநடந்து வரும் பாணருக்குச் சுட்ட மீன் அளித்து விருந்தோம்பும் பரதவரே. அவர்களை நீக்கி அப்பட்டினத்தைப் புலவர் காணவில்லை.

அழகை எழுத வேண்டாமென்று நாம் கூறவில்லை. அங்கு வாழ்வோரின் உழைப்பையும் உரிமையையும் சேர்த்து எழுதுக என்கிறோம். எழுத்தில் ஆளில்லாக் கரையாகக் காட்டப்பட்டதை, வாங்க வருபவன் ஆளில்லா நிலமென்றே கொள்வான்.