பழைய கணினிக்குப் புதிய ஓ.எஸ்.: எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது முதலாக, அம்பத்தூர் ஓ.டி.யிலும் ஆவடி மார்க்கெட்டிலும் பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலும் உள்ள சர்வீஸ் கடைகளில் ஒரே பேச்சு அடிபடுகிறது: "சார், உங்க சிஸ்டம் இனிமே தாங்காது, ஓ.எஸ். மாத்தியாகணும்." இந்தப் பேச்சில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையின் அளவு எவ்வளவு என்று தெரியாமையால், இலவசமாகக் கிடைக்க வேண்டியதற்குப் பணம் கொடுப்பவர்களையும், இன்னும் ஐந்தாண்டு உழைக்கக்கூடிய கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் போடுகிறவர்களையும் நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஆகையால், என் வீட்டு மடிக்கணினியிலும், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை நடத்தும் என் மைத்துனரின் கணினியிலும் கையால் செய்து பார்த்ததை ஆதாரமாகக் கொண்டு, இந்த விஷயத்தைச் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

முதலாவது, விண்டோஸ் 10 நின்றுபோய்விடவில்லை. கணினி முன்போலவே திறக்கும். டேலி கணக்கு மென்பொருளும் அச்சுப்பொறியும் முன்போலவே இயங்கும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு அடைப்பு வராது என்பதே மாற்றம். வங்கிக் கணக்கையும் ஜி.எஸ்.டி. தளத்தையும் நாள்தோறும் திறக்கிற கணினியில் அது அலட்சியம் செய்யத்தக்க மாற்றமல்ல. அந்த ஆபத்துக்கு ஓராண்டு தவணையும் உண்டு. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் என்ற பெயரில், வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வருகின்றன. அதற்கு 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அதில் சேமிக்க ஒப்புக்கொண்டால் பைசாச் செலவின்றியே பெறலாம். விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு இருந்தால் போதும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு தென்படும்.

இரண்டாவது, விண்டோஸ் 11க்குப் போக முடியுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிராசஸரின் எண்தான். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அனுமதி உண்டு. ஐ5-8250யூ என்று எழுதியிருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 8 என்பதே தலைமுறை. ஐ3-10110யூ என்பது போல ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு இலக்கமும் சேர்ந்து பத்தாம் தலைமுறை. இதனுடன் 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், செக்யூர் பூட், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியவையும் வேண்டும். டி.பி.எம். இல்லை என்று கடைக்காரர் கைவிரித்தால் உடனே நம்பிவிட வேண்டாம். பல மதர்போர்டுகளில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதே ஒழிய இல்லாமல் இல்லை. பயாஸுக்குள் போய் இன்டெலில் பி.டி.டி. என்றும் ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம். என்றும் இருப்பதை இயக்கினால் அது விழித்துக்கொள்ளும். இவை அனைத்தையும் சோதித்துச் சொல்ல மைக்ரோசாஃப்ட்டே பி.சி. ஹெல்த் செக் என்றொரு சிறு செயலியை இலவசமாகத் தருகிறது.

என் மடிக்கணினி எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ராம், வாங்கிய சில காலத்துக்குள் எஸ்.எஸ்.டி. மாற்றியது. முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அப்டேட் பக்கத்தில் வந்திருந்த அழைப்பை ஏற்று இரவில் பதிவிறக்கத்துக்கு விட்டேன். காலையில் விண்டோஸ் 11 ஏறியிருந்தது. கோப்புகள், மென்பொருள்கள், அச்சுப்பொறி, நான் நாள்தோறும் உபயோகிக்கும் தமிழ்99 விசைப்பலகை யாவும் இருந்த இடத்திலேயே இருந்தன. இதற்கு நான் எவருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. முறையான விண்டோஸ் 10 உள்ளவர் எவரும் கொடுக்கத் தேவையில்லை. பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் பழைய பதிப்புக்கே திரும்பிவிடும் வசதியும் அமைப்புகளில் இருக்கிறது. அந்தக் கெடு தாண்டுகிறவரை இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணிப் பழைய விண்டோஸ் கோப்புறையை அழித்துவிடக் கூடாது.

வேகத்தில் நான் பெரிய வித்தியாசம் எதையும் காணவில்லை; புதிய ஓ.எஸ். போட்டால் கணினி பறக்கும் என்று சொல்பவர்கள் உண்மையில் எஸ்.எஸ்.டி.யின் புகழைத்தான் ஓ.எஸ்.ஸுக்குச் சூட்டுகிறார்கள். சாளரங்களைத் திரையில் இரண்டாகவும் நான்காகவும் ஒழுங்காக அடுக்கும் வசதி மெச்சத்தக்கது. ஒருபுறம் மூலத்தையும் மறுபுறம் பிரதியையும் வைத்து மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு அது மிகுந்த பிரயோஜனமுள்ளது. வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலைச் சுருக்கி, பழக்கப்பட்ட கட்டளைகளை இன்னொரு கிளிக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்தது மட்டும் தேவையற்ற காரியம் என்பது என் அபிப்பிராயம். டாஸ்க்பாரைத் திரையின் பக்கவாட்டுக்கு நகர்த்தவும் நான் போட்ட பதிப்பில் வழியில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம். ஃபார்மட் செய்து 24எச்2 பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், டிஸ்க் முழுவதும் தானாகவே குறியாக்கம் செய்யப்படும் நிலை பெரும்பாலான கணினிகளில் உண்டு. அதைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில்தான் போய் அமர்கிறது. கடைப்பையன் அவசரத்துக்குத் தன் கைபேசி எண்ணை வைத்து ஒரு கணக்குத் துவக்கிக் கணினியைக் கொடுத்து அனுப்பிவிட்டால், பின்னொரு நாள் மதர்போர்டு பழுதாகும்போது அந்த வீட்டின் புகைப்படங்களும் பட்டறையின் கணக்குகளும் மீட்க வழியின்றிப் போய்விடக்கூடும். ஆகவே கணக்கு உங்கள் பெயரில், உங்கள் எண்ணில் இருக்க வேண்டும்; மீட்புச் சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு, பத்திரங்கள் வைக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பின் முழு உரிமம் அமெரிக்க விலையில் 139 டாலர், புரோ பதிப்பு 199 டாலர் என்னும்போது, "ஒரிஜினல் கீ" என்று சில நூறு ரூபாய்க்கு நம் கடைகளில் எழுதித் தரப்படும் இருபத்தைந்து எழுத்துகள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி எழுந்தே தீரும். பெரும்பாலும் அவை பெரிய ஸ்தாபனங்கள் மொத்தமாக வாங்கியவற்றிலிருந்தோ, உடைபட்ட கணினிகளிலிருந்தோ கசிந்தவை. இதைக் கண்டுகொள்ள ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட் சாளரத்தைத் திறந்து, எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் டி, எல், ஐ என்ற எழுத்துகளும் இட்டு என்டர் தட்டினால் சிறு பெட்டி ஒன்று தோன்றும். அதில் ஓ.இ.எம். என்றிருந்தால் அந்தக் கணினியோடு வந்த உரிமம். ரீடெயில் என்றிருந்தால் தனியாக விற்கப்பட்ட உரிமம். வால்யூம் என்றிருந்து, கணினி எந்த ஸ்தாபனத்துக்கும் சொந்தமில்லாமல் உங்கள் வீட்டில் இருக்குமானால், அது உங்களுக்கு உரியதல்ல. பூந்தமல்லியில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், செகண்ட் ஹேண்டில் வாங்கிய மடிக்கணினியில் இந்தச் சோதனையைச் செய்தபோது வால்யூம் என்றுதான் வந்தது. 180 நாளுக்குள் காலாவதி என்ற குறிப்பும் கூடவே இருந்தது. அவர் "ஒரிஜினல்" என்று கேட்டு, அதற்கென்றே தனியாகப் பணமும் கொடுத்திருந்தார்.

விண்டோஸ் 10உடன் விற்கப்பட்ட மடிக்கணினிகளில் அதன் உரிமச் சாவி பயாஸிலேயே பதிந்திருக்கிறது என்பதையும் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டும். அத்தகைய விண்டோஸ் 10 கணினியை எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும், அதே பதிப்பை நிறுவி இணையத்தில் சேர்த்தவுடன் அது தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். கீக்கென்று தனிக் கட்டணம் கேட்பதற்கு நியாயமில்லை. நிறுவித் தருகிற உழைப்புக்குக் கூலி கேட்டால் அதைத் தாராளமாகவே கொடுக்க வேண்டும் என்பேன். ஹோம் போதுமா, புரோ வேண்டுமா என்பதற்கும் விடை எளிது. வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் மூலம் உங்கள் கணினிக்குள் நுழைய வேண்டும் என்றாலோ, அலுவலக டொமைனில் அதைச் சேர்க்க வேண்டும் என்றாலோதான் புரோ. மற்றபடி வீட்டுக்கும் சிறு கடைக்கும் ஹோம் தாராளம்.

மைத்துனரின் பட்டறைக் கணினியில்தான் உண்மையான சோதனை காத்திருந்தது. ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜி.பி. ராம், பழைய ஹார்டு டிஸ்க். கூலண்ட் வாடையிலும் இரும்புத் தூளிலும் பல வருஷம் ஓடியது. ஹெல்த் செக் செயலி பிராசஸர் ஆதரிக்கப்படவில்லை என்று கூறிவிட்டது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு திருத்தம் செய்து அல்லது ரூஃபஸ் என்னும் மென்பொருளால் பென் டிரைவ் தயாரித்து, சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுவிடலாம்தான். சர்வீஸ் கடையில் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் அத்தகைய கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி கொடுப்பதில்லை. வருஷாந்தரப் பெரிய பதிப்புகள் தாமாக வருவதுமில்லை. பாதுகாப்புக்காகவே செய்கிற மாற்றத்தைப் பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லாத வழியில் செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். "மாமா, மெஷின் நல்லாத்தானே ஓடுது, இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குற அளவுக்கு ஆர்டர் எங்க இருக்கு?" என்று அவர் கேட்டதில் முழு நியாயம் இருந்தது.

ஆகவே அந்தக் கணினி செய்கிற வேலைகளை முதலில் பட்டியலிட்டோம். டேலி, ஜி.எஸ்.டி. தாக்கல், வாடிக்கையாளர் அனுப்பும் பி.டி.எஃப். டிராயிங், வாட்ஸ்அப், வங்கி. இவற்றில் விண்டோஸையே பிடித்துக்கொண்டு நிற்பது டேலி ஒன்றுதான். அவர் நடத்துவது தனி ஒருவருக்குச் சொந்தமான நிறுவனம் ஆதலால், கம்பெனிகளுக்குப் போல டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கட்டாயமில்லை. கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொண்டே தாக்கலை முடிக்கலாம். எனவே ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, மெமரியின் விலை அண்மையில் ஏறியிருந்தபோதிலும் ராமை 8 ஜி.பி. ஆக்கி, விண்டோஸ் 10ஐ நீட்டிப்புத் திட்டத்தில் சேர்த்து, அதன் அருகிலேயே லினக்ஸ் மின்ட் 22ஐயும் நிறுவினோம். கணினியைத் திறந்தவுடன் எது வேண்டும் என்று கேட்கும். கணக்கு எழுத விண்டோஸ், மற்றவற்றுக்கெல்லாம் மின்ட். வங்கித் தளமும் ஜி.எஸ்.டி. தளமும் மின்ட்டின் ஃபயர்ஃபாக்ஸில் தடையின்றித் திறந்தன. பட்டறை அச்சுப்பொறியை அது டிரைவர் கேட்காமலே கண்டுகொண்டது. தமிழ்99ஐச் சேர்க்க மட்டும் ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையை அமைப்புகளுக்குள் போய் இயக்க வேண்டியிருந்தது; முதன்முறை செய்பவர்களுக்கு அது சற்றுச் சிரமமே. செலவானது எஸ்.எஸ்.டி.க்கும் ராமுக்கும்தான்; மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது.

லினக்ஸ் என்றதும் அது எங்கோ அயல்நாட்டு வல்லுநர்களுக்கு உரியது என்று நம் புறநகர் மக்கள் ஒதுங்குவது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது. 2007ஆம் ஆண்டு வாக்கிலேயே தமிழக அரசு நிறுவனமான எல்காட் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றி நடத்திக் காட்டியது. அதே ஆண்டில் முதல் பதிப்பு வெளிவந்த பாஸ் லினக்ஸை உருவாக்கியது நம் சென்னையிலுள்ள சி-டாக் நிலையம். ஆவடியிலிருந்து ரயில் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிவைக்கப்பட்ட இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டருக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் ஏற்றிக் கொடுக்கப்பட்டது. எத்தனை பிள்ளைகளுக்கு அதைத் திறந்து பார்க்கும்படி ஓர் ஆசிரியராவது சொல்லிக்கொடுத்திருப்பார் என்று நினைக்கும்போதுதான், வாய்ப்பு கைக்கு வந்தும் வழிகாட்டல் வராமற்போனது புலப்படுகிறது. 2023இல் பாதுகாப்பு அமைச்சகமே தன் அலுவலகக் கணினிகளுக்கு உபுண்டுவை ஆதாரமாகக் கொண்ட மாயா என்னும் ஓ.எஸ்.ஸைத் தேர்ந்துகொண்ட பிறகும், பில் போடவும் கடிதம் அடிக்கவும் லினக்ஸ் போதாது என்று தயங்குவது பொருந்தாது.

ஆயினும் அனைவருக்கும் அது ஒத்துவராது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பூந்தமல்லி நண்பரின் கடையில் பேஜ்மேக்கரும் ஃபோட்டோஷாப்பும் பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த கல்யாணப் பத்திரிகை மாதிரிகளுமே மூலதனம். அவற்றை விட்டு அவர் நகர முடியாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கட்டாயமாக உள்ள கம்பெனிகளும், தங்கள் டோக்கனின் டிரைவர் லினக்ஸில் இயங்குகிறதா என்று சோதித்த பிறகே இறங்க வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். பிராசஸர் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால், கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு இன்றே விண்டோஸ் 11க்கு மாறுங்கள், ஓ.எஸ்.ஸுக்கென்று ஒருவருக்கும் பணம் கொடுக்காதீர்கள். அதற்கும் பழையதானால், கையில் உள்ள பணத்தை எஸ்.எஸ்.டி.யில் போட்டு லினக்ஸ் மின்ட்டைப் பழகுங்கள். விண்டோஸ் அவசியமான வேலை ஒன்றிரண்டு இருந்தால் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். விண்டோஸை விட்டு நகரவே முடியாத தொழில் உள்ளவர்கள் மட்டும் புதுக் கணினிக்கு இப்போதிருந்தே பணம் சேர்க்கத் தொடங்க வேண்டும். அந்த நீட்டிப்பு 2026 அக்டோபர் 13ஆம் தேதியோடு முடிகிறது.