மாலி அல்மேதாவின் மறுபிறப்பு: வரவும் செலவும்

முதல் புத்தகம் பேசப்பட்டுவிட்டால் இரண்டாவது புத்தகத்துக்குச் சோதனைக் காலம் தொடங்கிவிடுகிறது. அது அமானுஷ்யக் கதையாக இருந்தால் சோதனை இரட்டிப்பாகும். துப்பறியும் கதையில் ஊரை மாற்றலாம், கொலையாளியை மாற்றலாம். ஒருமுறை முகம் காட்டிவிட்ட பேயை மாற்றுவது எளிதல்ல. மறுபடி வரும்போது பயம் பாதியாகக் குறைந்திருக்கும். விஞ்ஞானக் கதையில் இதே சிக்கலைச் சந்தித்த சுஜாதா, ‘என் இனிய இயந்திரா’வுக்குப் பின் ‘மீண்டும் ஜீனோ’ எழுதியபோது, ஜீனோ என்ற இயந்திர நாயையே கதையின் நடுவுக்குக் கொண்டுவந்தார்.

இலங்கையில் நடந்தது இதைவிட அபூர்வமானது. ஷெஹான் கருணாதிலக்க தன் பேய்க்கதைக்குத் தொடர்ச்சி எழுதவில்லை, அதே கதையைத் திருத்தி இரண்டாம் முறை வெளியிட்டார். 2015இல் ‘டெவில் டான்ஸ்’ என்ற கையெழுத்துப் பிரதியாக அது இலங்கையின் கிரேஷன் இலக்கிய விருதின் குறும்பட்டியலில் இடம்பெற்றது. 2020இல் ‘சாட்ஸ் வித் த டெட்’ என்ற பெயரில் இந்தியாவில் அச்சேறியது. 2022இல் ‘த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா’ என்று லண்டனில் வெளிவந்து, அதே ஆண்டு ஒக்டோபரில் புக்கர் பரிசை வென்றது. மைக்கேல் ஒண்டாச்சிக்குப் பின் 30 ஆண்டுகள் கழித்து இலங்கையில் பிறந்த ஒருவருக்குக் கிடைத்த புக்கர் அது.

ஏன் மாற்றினார் என்பதை அவர் பேட்டிகளில் மறைக்கவில்லை. நம் நாட்டு அரசியல் குழப்பமாக இருக்கிறது, பேயுலகத்தின் ஐதீகம் புரியவில்லை என்று வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் பலர் கைவிரித்தார்கள். சோர்ட் ஒஃப் புக்ஸ் என்ற சிறிய பதிப்பகம் மட்டும், மேற்கத்திய வாசகருக்குப் பிடிபடும்படி திருத்தினால் வெளியிடலாம் என்றது. பெருந்தொற்றால் வெளியீடு தள்ளிப்போக, திருத்தம் இரண்டு ஆண்டுகள் நீண்டது. இரண்டும் ஒரே புத்தகம்தான் என்கிறார் ஆசிரியர். ஆனால் இனி நிலைக்கப்போவது இரண்டாவது பிரதியே என்பதும் அவர் எண்ணம். அப்படியானால் நாம் கேட்க வேண்டியது இதுதான்: தொலைவில் இருக்கும் வாசகருக்காகச் செதுக்கப்பட்ட இரண்டாம் பிரதி முதலாவதற்கு ஈடாகுமா? அந்தச் செதுக்கலில் நமக்குக் கிடைத்தது என்ன, போனது என்ன?

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கம். 1990, கொழும்பு. யுத்தப் புகைப்படக்காரன் மாலி கண்விழிக்கும்போது இறந்துபோயிருக்கிறான். மேலுலகம் ஒரு கந்தோர் போல இருக்கிறது. வரிசைகள், மேசைகள், படிவங்கள், எதற்கும் பதில் சொல்லாத சிப்பந்திகள். தன்னைக் கொன்றது யார் என்பது அவனுக்கு நினைவில்லை. ஏழு நிலாக்களுக்குள் ஒளிக்குள் போய்விட வேண்டும். அதற்குமுன் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்த படங்களை உயிரோடிருக்கும் நண்பர்களான ஜாக்கியும் டிடியும் கண்டெடுத்து உலகுக்குக் காட்ட வேண்டும். தமிழருக்கு எதிரான 1983 கறுப்பு ஜூலை வன்முறையின் குற்றவாளிகள் அந்தப் படங்களில் இருக்கிறார்கள்.

முதலில் வரவைப் பார்ப்போம். பெரிய வரவு தலைப்பு. ‘இறந்தோருடன் அரட்டை’ என்ற பொருள்படும் பழைய தலைப்பு புத்தகத்தின் தொனியைச் சொன்னது, புதிய தலைப்பு கெடுவைச் சொல்கிறது. திகில் கதைக்குக் கெடு தேவை. ஏழு என்ற அந்தக் கணக்கு கண்டியில் வாழும் நமக்கு அந்நியமும் அல்ல. பக்கத்து வீட்டுச் சிங்களவர் இறந்தால் ஆறாம் நாள் இரவு ‘பண’ என்ற பௌத்த உபதேசம் ஓதி ஏழாம் நாள் தானம் கொடுப்பதை நாம் பார்க்கிறோம். தேயிலைத் தோட்டத் தமிழரின் லயத்தில் பதினாறாம் நாள் கருமாதி. இறந்தவருக்கும் ஒரு தவணை உண்டு என்பதை இரு சமூகங்களும் அறியும். லண்டன் வாசகரை ஈர்க்கும் தலைப்பு நம் வீட்டு வழக்கத்தோடும் பொருந்திப்போனது இந்தத் திருத்தத்தின் நற்பேறு.

இரண்டாவது வரவு விதிகளின் தெளிவு. இந்த நாவலில் பேய் நினைத்த இடத்துக்கெல்லாம் போக முடியாது. உயிரோடிருந்தபோது உடல் போன இடங்களுக்குப் போகலாம், தன் பெயர் உச்சரிக்கப்படும் இடத்துக்குப் போகலாம். அவ்வளவுதான். கதை நகர்வதற்காக வைத்த விதி இது. ஆனால் கண்டியில் இருந்து படிக்கும்போது இதன் கனம் வேறு. 1989 ஒக்டோபரில் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் குளத்தைச் சுற்றி வெட்டப்பட்ட இளைஞர்களின் தலைகள் அடுக்கப்பட்டன. இடதுசாரி ஜே.வி.பி. இயக்கத்தின் கிளர்ச்சியும் அதை அடக்கிய வெறியும் மலைநாட்டில் எத்தனையோ வீடுகளைக் காலியாக்கின. 2012 இறுதியில் மாத்தளை ஆஸ்பத்திரி வளாகத்தில் நிலத்தைத் தோண்டியபோது 150க்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் வெளிவந்தன. அவை எந்தக் காலத்தவை என்பதில் நிபுணர்கள் உடன்படவில்லை, ஒருவருக்கும் பெயர் திரும்பக் கிடைக்கவில்லை. பெயர் சொல்லப்படாத இடத்துக்கு இறந்தவர் வரமுடியாது என்ற விதி இந்த மண்ணில் வெறும் கற்பனை அல்ல. பல குடும்பங்கள் பயத்தால் பிள்ளையின் பெயரைச் சொல்லாமலே முப்பது வருடம் இருந்திருக்கின்றன.

இனிச் செலவு. திருத்தத்தின் நோக்கமே விளக்குவது. ஒரு கட்டத்தில், அமெரிக்கப் பத்திரிகையாளன் ஒருவனுக்காக மாலி எழுதிய பட்டியல் வருகிறது: புலிகள் யார், ஜே.வி.பி. யார், இந்திய அமைதிப்படை யார், யார் யாரைக் கொல்கிறார்கள். கூர்மையாகவும் வேகமாகவும் எழுதப்பட்ட பகுதி அது. ஆனால் அதைப் படிக்கும் இலங்கையர் தன் கதைக்கே பார்வையாளராகிவிடுகிறார். எங்களிடம் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று எங்கள் தோளுக்கு மேலாக வேறொருவரிடம் பேசுவது போன்ற உணர்வு.

பேய்களிலும் இதே குறை. மலைநாட்டில் மகாசோனா என்ற சுடலைப் பேயின் கதை சொல்லும் எந்தக் கிழவியும் அது யக்காவா பிரேதமா என்று வகை பிரிப்பதில்லை. சுடலைச் சந்தியில் இரவில் முதுகில் ஓர் அடி விழும், கை பதிந்த தடம் இருக்கும். அவ்வளவுதான் கதை, பயம் முழுசாக இருக்கும். தேயிலை ஃபெக்டரி இயந்திரங்களுக்குக் காவல் நிற்கும் ரோதமுனிக்கும் யாரும் விளக்கவுரை எழுதியதில்லை. நாவலின் பேய்களோ இன்னது இன்ன வகை, இன்னதற்கு இன்ன சக்தி என்று ஒழுங்காக வரிசைப்படுகின்றன. அதனால் கதை ஓடுகிறது, பேய்ப் பயம் இளைக்கிறது. மகாகாளி தோன்றும் பக்கங்களில் மட்டும், வகைப்படுத்த முடியாத அந்தப் பழைய பயம் திரும்புகிறது. அவை புத்தகத்தின் மிகச் சிறந்த பக்கங்களாக இருப்பது தற்செயலல்ல.

இந்த இடத்தில் நியாயமான மறுப்பு ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். விளக்கம் வெளிநாட்டாருக்கு மட்டும்தான் தேவையா? இன்று கண்டியில் படிக்கும் இருபது வயதுப் பிள்ளை 1990க்கு வெகுகாலம் கழித்துப் பிறந்தவர். பேராதனைக் குளத்தை அவர் அறிந்தது படம் எடுக்கும் இடமாகத்தான். சிங்களப் பிள்ளைக்கு 1983 முழுமையாகத் தெரியாது, தமிழ்ப் பிள்ளைக்கு 1989 தெரியாது. மாலியை மேலுலகில் வழிநடத்தும் டொக்டர் ராணி, 1989 செப்டெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட மனித உரிமைச் செயற்பாட்டாளர் ரஜனி திராணகமவின் சாயல் கொண்டவர். மாலியிலேயே, 1990 பெப்ரவரியில் கடத்திக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சாவின் சாயல் உண்டு. இந்த இரு பெயர்களையும் ஒன்றாக அறிந்த இளைஞர் நம்மிடையே எத்தனை பேர்? லண்டனுக்காக எழுதப்பட்ட விளக்கம் நம் பிள்ளைகளுக்கும் பாடமாகிறது. ஒரு சமூகத்தின் இறந்தோரை மற்றச் சமூகம் அறியாத நாட்டில், தெரிந்திருக்கும் என்று எழுத்தாளர் விட்டுவிடுவதும் ஒருவகை மறதிதான்.

ஆகவே என் தீர்ப்பு: திகில் கதையாக இரண்டாவது பிரதி மேலானது, முடிச்சு இறுகியிருக்கிறது, கெடு துரத்துகிறது. பேய்க்கதையாக அது சற்று இளைத்தது. இந்த நாட்டு மக்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சாக அது கொஞ்சம் இழந்து, எதிர்பாராமல் வேறொன்றைப் பெற்றது. ஒண்டாச்சியின் ‘அனில்ஸ் கோஸ்ட்’ 2000இல் ஓர் எலும்புக்கூட்டை வைத்து அந்தக் காலத்தை எழுதியது. அங்கே இறந்தவர் பேசவில்லை, நிபுணர்கள் பேசினார்கள். இங்கே இறந்தவரே பேசுகிறார், கெட்டவார்த்தையோடும் கோபத்தோடும் பேசுகிறார். இரண்டு பிரதிகளுக்கும் பொதுவான இந்தத் துணிச்சலுக்கு எந்தத் திருத்தமும் குறை வைக்கவில்லை.

இரண்டு பிரதிகளுக்கும் பொதுவான குறையும் ஒன்று உண்டு. கதை கொழும்பைச் சுற்றியே சுழல்கிறது. முன்வரிசைப் பேய்களில் தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் இல்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் இறந்தோருக்கு அந்தக் கந்தோரில் எந்த வரிசை, எந்தப் படிவம்? உயிரோடிருந்தபோதே படிவங்களோடு போராடியவர்கள் அவர்கள். அந்தக் கேள்வியை ஷெஹானிடம் கேட்பதைவிட நம்மிடமே கேட்டுக்கொள்வது நேர்மை. புக்கர் மேடையில் அவர் ஆங்கிலத்தோடு சிங்களத்திலும் தமிழிலும் பேசினார், நம் கதைகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருப்போம் என்ற பொருளில். அதற்கான பதில் தமிழில் வரவேண்டும்.

உடனே செய்யக்கூடிய காரியமும் ஒன்று இருக்கிறது. பரிசு பெற்ற பிரதி கடைகளை நிறைத்திருப்பதால் முதல் பிரதி மறக்கப்படக் கூடாது. கண்டி டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகத்திலும் பேராதனை நூலகத்திலும் இரண்டும் அருகருகே இருக்கட்டும். எழுதப் பழகும் பிள்ளைகள் இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிக்கட்டும். ஒரு வாசகருக்காகச் சேர்ப்பது இன்னொரு வாசகரிடமிருந்து எதை எடுத்துவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் சோடி நம் நாட்டில் வேறில்லை.