இரண்டு கடல் கொண்ட சீமை

ராமநாதபுரம் மாவட்டத்தைத் ‘தண்ணியில்லாக் காடு’ என்று இன்னும் சொல்கிறவர்களைப் பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. ராமேஸ்வரம் போகும் திசையில் இடப்பக்கம் பாக் விரிகுடா, வலப்பக்கம் மன்னார் வளைகுடா. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி! அருகிலேயே, 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025-இல் திறந்த புதிய பாலம். கப்பல் கடக்கும்போது புதிய பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்புவதைப் பார்க்கக் கிடைத்தால், அது உங்கள் யோகம்.

ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தங்களிலும் நீராடிவிட்டு, நீண்ட பிராகாரத்தைச் சுற்றிவிட்டு, அன்றைக்கே ஊர் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: இரண்டு நாள் தங்குங்கள், கடலோரக் கிராமங்களுக்குப் போங்கள்.

இங்கே கடலை அறிந்தவர்களோடு பேசுவதே தனி சுகம். வாடைக்காற்று வீசினால் வடகடலான பாக் விரிகுடா குமுறும், தென்கடலான மன்னார் வளைகுடா அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் எழுந்தால் எல்லாம் தலைகீழ். காற்றைப் பார்த்துத்தான் எந்தக் கடலில் தொழில் என்று நாட்டுப்படகுக்காரர்கள் முடிவு செய்கிறார்கள். 1964 டிசம்பர் புயல் அழித்த தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தை மட்டும் படம் எடுத்துவிட்டு நகராதீர்கள். அதையடுத்து ஓலைக்குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. ஊரே சேர்ந்து கரைவலை இழுப்பதை நின்று பாருங்கள். பிறகு அரிச்சல்முனைக்குப் போனால், இரண்டு கடலும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் இடத்தில் கால் நனைக்கலாம்.

பாம்பனுக்குத் தெற்கே சின்னப்பாலத்துப் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிக் கடல்பாசி எடுக்கிறார்கள். பாசி மீண்டும் வளரட்டும் என்று மாதத்துக்கு 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவதெனத் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். 21 தீவுகளும் பவளப்பாறைகளும் ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடற்புல்வெளிகளும் கொண்ட மன்னார் வளைகுடாவுக்கு இவர்களைவிட நல்ல காவல் ஏது?

வடகடல் ஓரம் தொண்டிப் பக்கம் போனால் காரங்காடு. வனத்துறையோடு சேர்ந்து கிராமத்தாரே அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போகிறார்கள். இருபுறமும் வேர்கள் சேற்றில் ஊன்றி நிற்க, தலைக்கு மேலே நாரைகளும் கொக்குகளும். துடுப்புப் படகு வேண்டுமென்றால் அதுவும் உண்டு. கரையேறியதும் ஊர்ப் பெண்கள் கைப்பக்குவத்தில் நண்டும் கணவாயும் மீன்குழம்பும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் அரைத்து ஊற்றிய குழம்புக்கு நான் அடிமை!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், வெயிலும் கொளுத்தும். தை, மாசியில் வாருங்கள். அதிகாலையில் ஏதாவது ஒரு மீன் இறங்குதளத்துக்குப் போய், அன்றைய ஏலத்தில் வந்த மீனை வாங்கி அன்றைக்கே சமைத்துச் சாப்பிடுங்கள். அதன் பிறகு ‘தண்ணியில்லாக் காடு’ என்று உங்கள் வாயில் வரவே வராது.