எச்சில், பயணி, பயண இலக்கியம்

சில மாதங்களுக்கு முன் சூலூரில் நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிய ஒரு கூட்டத்தில் பயண இலக்கியம் பற்றிக் கட்டுரை ஒன்று வாசிக்கப்பட்டது. வாசித்த நண்பர் நிறையப் படித்தவர், நாலைந்து நாடு சுற்றியவர். ஜப்பானில் நூடுல்ஸைச் சத்தமாக உறிஞ்சினால் யாரும் முகம் சுளிப்பதில்லை, எத்தியோப்பியாவில் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் எடுத்துச் சாப்பிடுவது நெருக்கத்தின் அடையாளம், ஐரோப்பிய மேசையில் கத்தியும் முள்கரண்டியும் தட்டில் கிடக்கிற விதத்தைப் பார்த்தே பரிமாறுகிறவர் சாப்பாடு முடிந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்வார் என்றெல்லாம் சுவையாகச் சொன்னார். முதன்முதலாக முள்கரண்டி பிடித்துத் திண்டாடிய தன் கதையையும் சொன்னார். எல்லாரும் சிரிச்சோம். ஒவ்வொரு பண்பாட்டுக்கும் ஒரு மேசை, எந்த மேசையும் மற்றதைவிட உயர்ந்ததல்ல என்று அவர் முடித்தபோது கை தட்டினோம். நானும்தான்.

கூட்டம் முடிந்து திருச்சி ரோட்டில் டீக்கு நின்றபோதுதான் உறுத்தியது. உலகத்தில் உள்ள அத்தனை மேசைகளும் அந்தக் கட்டுரைக்குள் வந்துவிட்டன, நாங்கள் நின்றுகொண்டிருந்த டீக்கடை வரவில்லை. ஒரு தமிழன் பாரீஸில் கூசிப்போனது பயண இலக்கியம் ஆகிறது. இன்னொரு தமிழன் பல்லடத்திலிருந்து கோவைக்கு வருகிற வழியில் கூசிப்போனது ஏன் பயண இலக்கியம் ஆவதில்லை? அவனுக்குப் 'பயணி' என்கிற பெயரே கிடைக்கவில்லை என்பதுதான் காரணம் என்று படுகிறது. அவன் வெறும் 'வழியிலே போறவன்'.

மேசை என்பதே நமக்குப் புதுசு. எங்கள் பக்கத்தில் திண்ணை இருந்தது, வாசல் இருந்தது, விசேச நாளில் பந்தி இருந்தது. சூலூருக்குத் தெற்கே இருந்த என் அமுச்சி வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு யாராவது நிற்காத நாள் இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள், மாட்டு வியாபாரிகள், கூடை முறம் விற்கிறவர்கள், செருப்புத் தைக்கிறவர்கள். அமுச்சி யாருக்கும் தண்ணீர் இல்லை என்று சொன்னதில்லை, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். ஆனால் முதலில் "எந்தூருங்க?" என்பார். அடுத்து "என்ன ஆளுங்க?" இரண்டாவது கேள்விக்கு வருகிற பதிலில்தான் பாத்திரம் தீர்மானமாகும். சிலருக்குத் திண்ணையும் சொம்பும். சிலருக்கு வாசலும் சொம்பும், ஆனால் அண்ணாந்து குடிக்க வேண்டும். இன்னும் சிலருக்குச் சொம்பே கிடையாது. குனிந்து இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து நிற்க வேண்டும், மேலிருந்து ஊற்றுவோம். அந்த மூன்றாம் வகையினரிடம் பெரும்பாலும் கேள்வியே கேட்கப்படாது. அவர்கள் நிற்கிற தூரத்திலேயே அமுச்சிக்குத் தெரிந்துவிடும்.

ஊற்றுகிற வேலை என்னுடையது. ஏழு வயசிருக்கும். ஒருநாள் வெயிலில் வந்த ஒருவருக்கு ஊற்றும்போது சொம்பைத் தாழ்த்திவிட்டேன், விளிம்பு அவர் விரலில் பட்டது. நான் அமுச்சியைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அவரே பதறிப்போய்ச் சொன்னார்: "புளி போட்டு வெளக்கிருங்க சாமி." தப்பு என்னுடையது, பரிகாரம் சொன்னது அவர். தண்ணீரைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். மிச்ச தாகத்தை எங்கே தீர்த்துக்கொண்டார் என்று அன்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இதை எழுதுகிற இன்றுதான் நானே நினைக்கிறேன்.

அண்ணாந்து குடிப்பதைத் தமிழரின் சுகாதார அறிவு என்று சொல்கிறவர்கள் உண்டு. 2020இல் கொரோனா வந்தபோது முன்னோர் பெருமை பேசிய செய்திகள் செல்போன் செல்போனாகப் பறந்ததை எல்லோரும் பார்த்தோம். 1939இல் வெளிவந்த நோர்பெர்ட் எலியாஸின் நாகரிகப் போக்கு பற்றிய நூல் இந்த இடத்தில் உதவுகிறது. ஐரோப்பாவில் முள்கரண்டி பரவியதற்குச் சுகாதாரம் காரணமல்ல, எதைக் கண்டு கூச வேண்டும், எதைக் கண்டு அருவருக்க வேண்டும் என்கிற எல்லை நகர்ந்ததுதான் காரணம், சுகாதார விளக்கம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்பது அவர் வாதம். எச்சிலுக்கும் இது பொருந்தும். கிருமிக்குப் பயந்து அண்ணாந்து குடிப்பதென்றால் கை குவித்து நின்றவருக்கும் சொம்பைக் கொடுத்து அண்ணாந்து குடிக்கச் சொல்லியிருக்கலாமே? அவருக்கு அது தெரியாதா என்ன? தெரியும் என்று காட்டுவதற்கே சொம்பு கைக்கு வரவில்லை. ஒரு 'பழக்கவழக்க'த்தைப் பழகுவதற்கான பாத்திரத்தை மறுத்துவிட்டு, பிறகு அவனுக்குப் பழக்கவழக்கம் போதாது என்பது நம்முடைய சொல்லாடலின் நேர்த்தி. எலியாஸ் எழுதியது அரசவையில் தொடங்கிக் கீழே பரவிய நாகரிகத்தைப் பற்றி. இங்கே பரவக் கூடாது என்பதற்காகவே காவல் காக்கப்பட்ட நாகரிகம் அல்லவா இருந்தது.

ரோலான் பார்த்தும் ஞாபகத்துக்கு வருகிறார். ஜப்பானைப் பற்றி 1970இல் அவர் வெளியிட்ட நூலில் உண்ணும் குச்சிகளைப் பற்றிய பகுதி நம் நண்பர்களிடையே பிரசித்தம். குத்திக் கிழிக்கிற கத்திக்கும் முள்கரண்டிக்கும் எதிராக, எடுத்துத் தள்ளி நகர்த்துகிற குச்சிகளை அவர் வாசிக்கிற அழகைச் சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அவருக்குக் கருவிகள் மட்டும்தான் பிரதி. அதே குச்சியை யார் தொட்ட பிறகு யார் தொடலாம் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. குறிகளைப் படிக்கிற பயணிக்குக் கழுவுகிற இடத்துக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. நம் சாப்பாட்டுக் கடைகளின் அரசியலோ பெரும்பாலும் பாத்திரம் கழுவுகிற இடத்தில் இருக்கிறது.

இரண்டு பயணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1888இல் காந்தி பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுகிறார். கத்தி முள்கரண்டி பிடிக்கத் தெரியாது, எந்தப் பண்டத்தில் மாமிசம் இல்லை என்று கேட்கக் கூச்சம். மேசைக்கே போகாமல் வீட்டிலிருந்து கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் தன் அறையிலேயே வைத்துச் சாப்பிட்டதை அவரே எழுதியிருக்கிறார். நண்பரின் கட்டுரையில் இதுவும் வந்தது. வராமல் போனது 1901. ஒன்பது பத்து வயசு அம்பேத்கர், அண்ணனோடும் அக்காள் பிள்ளையோடும், கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க ரயிலேறி மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார். புதுச் சட்டை, ஜரிகைத் தொப்பி. ஸ்டேஷன் மாஸ்டர் பிராமணப் பிள்ளைகள் என்றே நினைத்துப் பேசுகிறார், மகர் என்று தெரிந்ததும் முகம் மாறி விலகுகிறார். வண்டிக்காரர்கள் வர மறுக்கிறார்கள். இரட்டை வாடகைக்கு ஒருவர் சம்மதிக்கிறார், அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார். வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாடு கூடையில் இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. முஸ்லிம் பிள்ளைகள் என்று சொல்லிப் பார்த்தும் சுங்கச் சாவடியில் தண்ணீர் கிடைக்கவில்லை. சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டினியாகப் படுக்கிறார்கள்.

காந்தியின் கூச்சம் கற்றுக்கொண்டால் தீர்வது. லண்டன் போய்க் கற்றுக்கொண்டார், பிறகு வேண்டாம் என்று விட்டும் விட்டார். கோரேகாவ் வழியில் நின்ற பிள்ளைகள் உடை, பேச்சு, மரியாதை எதிலும் குறை வைக்கவில்லை. கற்றுக்கொள்வதற்கு அவர்களுக்கு எதுவும் மிச்சமில்லை. 'பண்பாட்டு வேறுபாடு' என்கிற சொல் இந்த இரண்டையும் ஒரே பையில் போடுவதுதான் என் புகார். அம்பேத்கர் தன் குறிப்புகளுக்கு வைத்த தலைப்பில் 'விசா' என்ற சொல் இருக்கிறது. சொந்த நாட்டுக்குள் போவதற்கு விசாவுக்காகக் காத்திருப்பது. 1990இல் தனி நூலாக வந்த அந்தப் பிரதியை நாம் சுயசரிதை என்கிறோம், ஆவணம் என்கிறோம். பயண இலக்கியம் என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் ஊரிலேயே வாழ்ந்த பகடால நரசிம்மலு நாயுடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தன் யாத்திரைகளைப் புத்தகமாக்கியவர். நூறு வருசத்துக்கும் மேலான மரபு நமக்கு இருக்கிறது. அந்த மரபுக்குள் வாசலில் கை குவித்து நின்றவருடைய பயணத்துக்கு ஒரு பக்கமும் ஒதுக்கப்படவில்லை.

ஓட்டலுக்கு வருவோம். சூலூருக்குப் பக்கத்துக் கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு மோட்டார் சைக்கிள் வாங்கக் காசு சேர்ப்பதற்காகக் கோவையில் ஓட்டல் சர்வராக இருந்தவர். 1920இல் பொள்ளாச்சி பழனி வழியில் பஸ் விட்டவரும் அவரே. ஓட்டலும் பஸ்ஸும் முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டி வந்த புது இடங்கள். அங்கேதான் சண்டையும் வந்தது. ரயில் நிலையச் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் இருந்ததைப் பெரியார் விடாமல் எதிர்த்தார், 1941இல்தான் அது ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்க மாதக்கணக்கில் மறியல் நடந்தது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ரயில் நிலையத்தில் சமமாக உட்காரும் உரிமையை வென்ற அதே இடைநிலைச் சாதிகள், நான் பிறந்த சாதியும் சேர்த்துத்தான், ஊர் திரும்பியதும் டீக்கடையில் இரண்டு வகை டம்ளர் வைத்துக்கொண்டார்கள். 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் பொது உணவு விடுதியில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தத் தடுப்பதையே குற்றம் என்று பெயர் சொல்லிச் சொல்கிறது. பெரியாரியர்களும் இடதுசாரிகளும் தலித் அமைப்புகளும் கொங்குப் பகுதியில் கடை கடையாகக் கணக்கெடுத்துப் போராடிய பிறகு பல இடங்களில் தனி டம்ளர் போனது, தூக்கி எறிகிற கப் வந்தது. எறிந்துவிட்டால் கழுவ வேண்டியதில்லை, எச்சில் பிரச்சினையே எழாது, சட்டமும் கேட்காது. 2019 ஜனவரி முதல் அந்தக் கப்புகளுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது சில கடைக்காரர்களின் முகத்தில் தெரிந்த கவலை சுற்றுச்சூழல் பற்றியது மட்டும் அல்ல.

இப்போது சூலூர், சோமனூர், பல்லடம் எங்கும் தறிகளிலும் மில்களிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள். நான் மதியம் சாப்பிடுகிற மெஸ்ஸிலும் வருகிறார்கள். அவர்களுக்கான எவர்சில்வர் தட்டுகளின் அடியில் பச்சைப் பெயிண்டில் ஒரு புள்ளி இருக்கும். கவனிக்க எனக்கே ஒரு வருசம் ஆச்சு. கேட்டேன். "அவிய சாப்புடற வெதமே வேறங்க. சோத்து மேல பருப்ப ஊத்திக் கொழகொழன்னு பெசஞ்சு, பச்ச வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டு... நம்மாளுக மொகஞ் சுளிக்கறாங்க. வேற ஒண்ணும் இல்லீங்க" என்றார் மெஸ்காரர். பண்பாட்டு வேறுபாடு என்று நண்பர் சொன்னதன் கொங்குத் தமிழ் வடிவம். ஏன், நாம் பிசைவதில்லையா? களியையும் கீரையையும் உள்ளங்கை வரைக்கும் குழப்பி அடிக்கிற ஊர்தானே இது.

அவரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, ஆட்கள் பயந்துபோய் ரயிலேறிக்கொண்டிருந்தபோது, எட்டுப் பத்துப் பேரை ராத்திரி மெஸ்ஸிலேயே படுக்கவைத்து வாசலில் கட்டில் போட்டுக் காவலிருந்தவர் அவர். என் அமுச்சியும் யாருக்கும் தண்ணீர் இல்லை என்று சொன்னதில்லை.

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அந்தப் பையன்களில் ஒருவனிடம் தட்டைப் பற்றிப் பேசிப் பார்த்தேன். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தது என் அரசியல். அவன் சிரித்துக்கொண்டே, தனித் தட்டு நல்லதுதான், இல்லாவிட்டால் யார் யார் சாப்பிட்ட தட்டோ என்றான். அவனோடு கூட வந்திருந்தவன், அதே ஊர்க்காரன்தான், பேசாமல் எழுந்து கை கழுவப் போனான். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. ஆயிரத்தைந்நூறு மைல் தாண்டி வந்தும் அந்த மேசையில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே தூரத்தில் உட்காரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மெஸ்ஸுக்குப் போனவுடன் பச்சைப் புள்ளித் தட்டு ஒன்றில் எனக்குச் சோறு போடச் சொன்னேன். மெஸ்காரர் என்னை ஒரு நிமிசம் பார்த்தார். "அதெல்லாம் எதுக்குங்க" என்று உள்ளே போனவர், எனக்கு வாழை இலை அறுத்துக்கொண்டு வந்து போட்டார்.